படம் எப்படி?

இந்த வாரம் பட விமர்சனம். ஹீரோ யார், பாட்டு தேறுமா என்றெல்லாம் கேட்காதீர்கள். நான் சொல்வது ஹாலில் தொங்குகிற உலகப் படம்.

என் பெரியம்மா வீட்டில் ஒன்று தொங்கியது. பிள்ளை சான்ஃபிரான்சிஸ்கோவுக்கு வேலைக்குப் போனதும் வாங்கி மாட்டியது. லீவு முடிந்து அவன் டெல்லியில் விமானம் ஏறும் ராத்திரி, பெரியம்மா படத்தில் டெல்லிமேல் விரலை வைப்பார். இடது பக்கமாக நகர்த்துவார். அரேபியா, ஐரோப்பா, அட்லாண்டிக், அப்புறம் மொத்த அமெரிக்காவும் தாண்டி அந்த ஓரம். 'எவ்ளோ தூரம்டா!' அவன் இறங்கி போன் பண்ணுகிறவரை தூக்கம் கிடையாது.

அந்தப் படம் அவரை வீணாகப் பயமுறுத்தியது என்பதுதான் என் முதல் புகார். ஒரு பூமி உருண்டையை எடுத்து, இரண்டு ஊருக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் ஐரோப்பா பக்கமே போகாது. ஆர்க்டிக் கடல் வழியாக ஏறி இறங்கும். தூரம் சுமார் 12,400 கிலோமீட்டர். படத்தில் விரல் போன வழி அதைவிட ரொம்ப அதிகம். 1569-ல் இந்த மாதிரிப் படத்தைப் போட்ட மெர்கேட்டரைத் திட்டாதீர்கள். அவர் மாலுமிகளுக்குத் திசை தப்பக்கூடாது என்று வரைந்தார். அதற்காக ஓரங்களை இழுத்துப் பெரிதாக்கினார். ஆப்பிரிக்காவில் பதினாலில் ஒரு பங்குகூடத் தேறாத கிரீன்லாந்து, அதற்குச் சமமாக உட்கார்ந்திருக்கும். அதைக் கொண்டுவந்து ஹாலில் மாட்டியது நாம்தானே!

சரி, நூல் சொல்லும் தூரமாவது நிஜமா? அங்கேதான் சுவாரஸ்யம். ஏர் இந்தியா 2015 டிசம்பரில் டெல்லி - சான்ஃபிரான்சிஸ்கோ நேரடி விமானம் விட்டபோது, அட்லாண்டிக் வழியாகத்தான் போனது. 2016 அக்டோபரில் பசிபிக் பக்கம் திருப்பினார்கள். தூரம் சுமார் 1,400 கிலோமீட்டர் கூடி 15,300 ஆனது. நேரம்? ஏறக்குறைய இரண்டு மணி குறைந்து பதினாலரை! உயரத்தில் காற்று மேற்கிலிருந்து கிழக்கே வேகமாக ஓடுகிறது. எதிர்த்துப் போனால் இழுபறி, கூடப் போனால் தள்ளிவிடும். பி.காம். மூளைக்கு இது சட்டென்று பிடிபட்டது. கிலோமீட்டர் என்பது ஷேரின் முகமதிப்பு. மார்க்கெட் விலை, மணிக்கணக்கு.

காற்றாவது பரவாயில்லை, அரசியலைப் படத்தில் எப்படி வரைவது? ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு ஒன்பது, பத்து மணி நேரத்தில் போன ஃபின்ஏர், 2022-ல் ரஷ்யா தன் வானத்தை மூடியதும் வட துருவத்தைச் சுற்றிக்கொண்டு பதிமூன்று மணி நேரம் பறந்தது. இரண்டு ஊரும் ஓர் அங்குலம் நகரவில்லை.

ஆனாலும் இந்தப் படத்தின் பெரிய ஓட்டை எடிட்டிங்தான். பசிபிக் சமுத்திரத்தைக் கத்திரியால் இரண்டாக வெட்டி, ஆளுக்கொரு ஓரமாக ஒட்டியிருக்கிறார்கள்.

2016 கடைசியில் பிள்ளை ஊருக்கு வந்து திரும்பினான். 'இந்தத் தடவை ஜப்பான் பக்கமா போறான், ரெண்டு மணி நேரம் மிச்சம்' என்றேன். பெரியம்மா நம்பாமல் விரலை வலது பக்கம் நகர்த்தினார். சீனா, ஜப்பான், கொஞ்சம் நீலம். விரல் சட்டத்தைத் தாண்டி, பக்கத்தில் தொங்கிய தினசரி காலண்டரில் முட்டியது.

'இதுக்கு மேல செவுருதான்டா இருக்கு!'