காரையை உரித்தால் தெரிவது

நம்மூரில் 'டெரஸ் வீடு' என்றால் ஓட்டுக்கூரை போய்த் தளம் போட்ட வீடு. மெல்போர்ன் நகரின் ஃபிட்ஸ்ராயில் அது வேறு: பக்கச்சுவர்களை அண்டை வீட்டோடு பகிர்ந்துகொண்டு வரிசையாய் நிற்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் செங்கல் வீடு. குறுகலான வீடுகளில் தொழிலாளிகள் வாடகைக்கு இருந்தார்கள். மக்ராபர்ட்சன் சாக்லேட் ஆலையும் அங்கேதான் இருந்தது.

இன்று இவ்வீடுகளைப் புதுப்பிப்பவர்களிடம் ஒரு பாணி உண்டு. உள்சுவர்க் காரையை உரித்துச் செங்கல்லை அம்மணமாக விடுவது. மெருகேற்றிய சிமெண்டுத் தரை, மறைக்காத இரும்பு உத்தரம், ஆலையில் தொங்குகிற மாதிரி விளக்கு. இருட்டறைகளுக்கு வெளிச்சம் வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை. ஆனால் இதை 'உண்மையான பொருள்களின் அழகு' என்கிறார்களே, அப்படியென்ன உண்மை?

அந்த உள்சுவர்ச் செங்கல் கண்ணில் படுவதற்காக அடுக்கப்பட்டதல்ல. மட்டரகக் கல், பூசுவதற்கென்றே வைத்தது. வேலையிடத்துக்கு எதிர்நிலையாக வீட்டின் உட்புறம் உருவானதை வால்டர் பெஞ்சமின் 1935இல் பாரிஸ் பூர்ஷ்வாவை வைத்துப் பேசினார். தொழிலாளிக்கும் அந்த எதிர்நிலை தேவைப்பட்டது. பகலெல்லாம் செங்கல்லும் இரும்பும் பார்த்தவன் ராத்திரியும் அதையே பார்ப்பானா? காரையும் அதன்மேல் ஒட்டிய பூப்போட்ட காகிதமும் ஆலையை வாசலுக்கு வெளியே நிறுத்தின.

நியூயார்க்கின் சோஹோவில் காலியான ஆலைத்தளங்கள் கலைஞர்களின் இருப்பிடமாகி, பிறகு பணக்காரச் சரக்கானதை ஷாரன் சூக்கின் 1982இல் எழுதினார். அங்கே செங்கல்லாவது ஆலையின் செங்கல். ஃபிட்ஸ்ராய் டெரஸ் வீடு ஒருநாளும் ஆலையாக இருந்ததில்லை. ஆலை மூடி, தொழிலாளியும் வெளியேறிய பிறகு, ஆலை வீட்டுக்குள் அலங்காரமாக நுழைகிறது.

உண்மையிலேயே ஆலையில் பிறந்த வீடு பக்கத்திலேயே இருக்கிறது. 1938இல் அமைந்த மாநில வீட்டுவசதி ஆணையம் டெரஸ் வரிசைகளைச் சேரியென்று இடித்து, ஹோம்ஸ்கிளென் ஆலையில் வார்த்த காங்கிரீட் பலகைகளால் ஏதர்டன் கார்டன்ஸில் 20 மாடிக் கோபுரங்கள் நான்கை எழுப்பியது. ஏழைகளும் அகதிகளும் குடியேறினார்கள். மெல்போர்னில் இத்தகைய 44 கோபுரங்களையும் 2051க்குள் இடிக்கப்போவதாக அரசு 2023இல் அறிவித்தது.

ஒரு தெருவில் காங்கிரீட் ரசனை. அடுத்த தெருவில் காங்கிரீட் கழிவு. பொருளில் வித்தியாசமில்லை. வெறுமையைத் தேர்ந்தெடுக்க வசதி யாருக்கு இருக்கிறது, யார் தலையில் அது கட்டப்பட்டது என்பதுதான் வித்தியாசம். உரித்த சுவரில் தெரிவது தொழிலாளியின் வரலாறு இல்லை. அவன் மறைக்க விரும்பியதை இன்னொருவன் விலைகொடுத்துப் பார்க்கிற காட்சி.