மாதவியின் இரு மடல்கள்

கோவலன் மனம் திருந்தி மீண்டதைப் பாராட்டாத இலக்கிய மேடை தமிழகத்திலும் இல்லை. நாம் வந்து வாழும் இவ்வடபுலத்துச் சங்கங்களிலும் இல்லை. ஆயின், அவன் எவ்வாறு வருத்தம் தெரிவித்தான், அது எவ்வாறு ஏற்கப்பட்டது என்று நோக்குவார் சிலரே.

கனாத்திறம் உரைத்த காதையில் அவன் கண்ணகியிடம் கூறுவது மிகச் சுருக்கம். வஞ்சகியொருத்தியோடு கூடி முன்னோர் தேடிய பொருளைத் தொலைத்தேன், நாணுகிறேன் என்கிறான். பழியில் பாதியை மாதவியின் தலையில் ஏற்றிவிட்டே நாணுகிறான். கண்ணகியோ வினா ஒன்றும் தொடுக்காமல், சிலம்பு உள்ளது என்று முறுவலிக்கிறாள்.

இதற்கு முன்னரே, வேனிற்காதையில், தாழை மடலில் செம்பஞ்சுக் குழம்பு தொட்டு மாதவி எழுதியது வந்திருந்தது. அதனை அவன் பெற்றுக்கொள்ளவும் மறுத்தான். அவள் ஆடல்மகள், ஆகவே அவளது ஊடலும் உருக்கமும் கூத்தே என்று எண்வகை வரிக்கூத்தை அடுக்கிக் காட்டினான். அரசவையில் தலைக்கோல் பெற்றுத் தந்த கலையே அவள் சொல்லுக்கு எதிர்ச்சாட்சி ஆயிற்று! ஆண் நாணினால் உள்ளம், பெண் உருகினால் நடிப்பு. இவ்வளவுகோல் நம் இல்லங்களில் இன்றும் புழங்குவதை யார் மறுப்பார்?

நம்மை மிகவும் வருத்துவது இரண்டாம் மடலே. புறஞ்சேரி இறுத்த காதையில் கோசிகன் அதனைக் கொணர்கிறான். பெற்றோர்க்குச் செய்யும் பணியையும் விடுத்து, மனைவியோடு இரவில் வெளியேறும் அளவுக்குத் தான் செய்த பிழை யாதென அறியாது கலங்குவதாக அடிவீழ்ந்து எழுதுகிறாள் மாதவி. பிழை இன்னதென்றே அறியாதவள் பொறுத்தருள வேண்டுகிறாள்! தீது அவளதன்று, தனதே என்று கோவலன் உணர்கிறான். அது போற்றத்தக்கதே. அடுத்து அவன் செய்வது என்ன? வாசகம் தன் பெற்றோர்க்கும் பொருந்துகிறது என்று கண்டு, அம்மடலையே அவர்களிடம் காட்டுமாறு கொடுத்தனுப்புகிறான்.

ஒரு மடல் இருவர்க்கும் பொருந்தப் பாடிய இளங்கோவடிகளின் திறத்தை வியப்போர் உண்டு, நாமும் வியக்கிறோம். எனினும், கீழ்நிலை எழுத்தர் எழுதிய விளக்கத்தைத் தம்முடையதாக மேலிடத்துக்கு அனுப்பும் அதிகாரிகளை நாம் அறியாதவர்களல்லோம். பெற்றோரை ஊரில் விட்டுவந்த நமக்கு, அம்மன்னிப்பையேனும் அவன் தன் கையால் எழுதியிருக்கலாகாதா என்று கேட்கத் தோன்றுகிறது.

கண்ணகி வாய்மூடியே இருந்தாள் என்பதும் பொருந்தாது. மதுரையில் உணவு படைத்தபின், அவன் வருந்திப் பேசுகையில், சான்றோர் போற்றாத ஒழுக்கம் அவனுடையது என்று ஒரு தொடரில் சொல்லிவிடுகிறாள். அவ்வொரு தொடரும் மாதவிக்கு வாய்க்கவில்லை. அவள் தீதிலள் எனத் தான் உணர்ந்ததை அவளிடமும் கூறுமாறு கோவலன் கோசிகனைப் பணித்ததாக அக்காதையில் ஓரடியும் இல்லை.