லாரி ஸ்காட்: பேக்-12 ஆணையர் பணி பற்றிய மதிப்பீடு

லாரி ஸ்காட் அமெரிக்க விளையாட்டு நிர்வாகி. 2009 முதல் 2021 வரை, மேற்குக் கடற்கரைப் பல்கலைக்கழகங்களின் விளையாட்டுக் கூட்டமைப்பான பேக்-12இன் ஆணையராகப் பணியாற்றினார். அவர் விலகிய மூன்றே ஆண்டுகளில் அக்கூட்டமைப்பில் இரண்டு பல்கலைக்கழகங்களே எஞ்சின. அச்சிதைவில் அவருடைய பங்கு எவ்வளவு என்பதே அவர் பணி பற்றிய விவாதங்களின் மையம்.

பின்னணி

ஹார்வர்டில் படித்த ஸ்காட், தொழில்முறை டென்னிஸ் வீரராக இருந்து நிர்வாகத்துக்கு வந்தவர். மகளிர் டென்னிஸ் சங்கத்தின் தலைவராக 2005இல் சோனி எரிக்சன் நிறுவனத்துடன் 8.8 கோடி டாலர் ஒப்பந்தம் செய்தார். விம்பிள்டன் 2007இல் சமப் பரிசுத்தொகை வழங்கியது அவர் காலத்தில்தான். கல்லூரி விளையாட்டில் அனுபவமில்லாத அவரைப் பல்கலைக்கழகத் தலைவர்கள் தேர்ந்தெடுத்ததற்கு இந்த வணிகத் திறனே காரணம்.

சாதனை

2011இல் கொலராடோ, யூட்டா பல்கலைக்கழகங்கள் சேர்ந்தன. பேக்-10 பேக்-12 ஆயிற்று. அதே ஆண்டு இ.எஸ்.பி.என்., ஃபாக்ஸ் நிறுவனங்களுடன் 12 ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 300 கோடி டாலர் மதிப்புள்ள ஒளிபரப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது. கல்லூரி விளையாட்டில் அது அன்று பெரும் வெற்றியாகக் கொண்டாடப்பட்டது.

பிழைகள்

அந்த வெற்றியே பின்னர் தளையாயிற்று. ஒளிபரப்பு உரிமைகளின் விலை ஏறியபோது பேக்-12 பழைய விலையில் கட்டுண்டிருந்தது. போட்டிக் கூட்டமைப்பான பிக் டென் 2017இல் தொடங்கிய ஒப்பந்தங்களை ஆறு ஆண்டுகளுக்கு மட்டுமே செய்து, விரைவில் மீண்டும் சந்தைக்கு வந்தது.

இரண்டாவது பிழை, 2012இல் தொடங்கிய பேக்-12 தொலைக்காட்சி. பிக் டென் ஃபாக்ஸைப் பங்காளியாக்கியது. ஸ்காட்டோ முழு உரிமையையும் கூட்டமைப்பிடமே வைத்துக்கொண்டார். இலாபம் முழுவதும் பல்கலைக்கழகங்களுக்கே சேரும் என்பது கணக்கு. ஆனால் விநியோக நிறுவனங்களிடம் பேரம் பேசும் வலிமை ஒரு தேசிய அலைவரிசையும் ஆறு வட்டார அலைவரிசைகளும் கொண்ட அந்த அமைப்புக்கு இல்லை. டைரக்டிவி அதை ஒருபோதும் ஒளிபரப்பவில்லை. இரசிகர்கள் பலர் தம் அணியின் ஆட்டத்தைக் காண முடியாமல் போனது. உறுப்பினர்களின் பங்குத்தொகை போட்டியாளர்களைவிடப் பின்தங்கிய காலத்தில், ஆணையரின் ஆண்டு ஊதியம் 50 இலட்சம் டாலரைத் தாண்டியது.

பொறுப்பு யாருடையது?

பழி முழுவதையும் ஸ்காட் மீது சுமத்துவது பொருந்தாது. 2011இல் மேலும் விரிவடைய வேண்டாம் என முடிவெடுத்தவர்கள் பல்கலைக்கழகத் தலைவர்கள். அவருக்கு ஊதியம் நிர்ணயித்ததும் அவர்களே. 2022இல் யு.எஸ்.சி.யும் யு.சி.எல்.ஏ.வும் பிக் டென்னுக்குச் செல்வதாக அறிவித்தபோது ஆணையர் ஜார்ஜ் கிளியாவ்காஃப். ஆயினும் அவர் பெற்ற கூட்டமைப்பு ஏற்கெனவே வருவாயில் பின்தங்கியிருந்தது.

மதிப்பீடு

உரிமையைக் கையில் வைத்திருப்பதையே ஸ்காட் வலிமையாகக் கருதினார். பார்வையாளரைச் சென்றடைவதே வலிமை என்பது தாமதமாகவே தெளிவாயிற்று. விலையைக் கொடுத்தவர்கள் அவருடைய பேரங்களில் இடம்பெறாத மாணவ வீரர்கள். கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் இன்று அட்லாண்டிக் கடற்கரைக் கூட்டமைப்பில் ஆடுகின்றன. அம்மாணவர்கள் ஒரு போட்டிக்காகவே நாட்டின் மறுகரைக்குப் பறந்து, மீண்டும் வகுப்புக்குத் திரும்புகிறார்கள்.