கைவிட்ட ஆட்டத்தைக் கைக்கொண்டோர்

தோட்டத்துப் பெரியவர்களைக் கேட்டால் ஒரு செய்தி சொல்வார்கள். பால் மரம் வெட்டியவர்கள் தாங்கள். பாலை நிறுத்தவர் வேறொருவர். நிறுத்ததைப் புத்தகத்தில் எழுதியவர் மற்றொருவர். புத்தகம் ஆபீசில் இருந்தது. எழுத்து கிராணியாரிடம் இருந்தது. சம்பளத்தன்று கைக்கு வந்தது எதுவோ அதுவே கணக்கு. எழுதப்பட்டதைப் படிக்கமாட்டாதவன் தன் உழைப்புக்கே அந்நியனாகிறான் என்பதை நம் முன்னோர் அனுபவத்தால் அறிந்தனர்.

நிற்க. 1996-ல் கூலிமில் ஹைடெக் பூங்கா திறக்கப்பட்டது. இன்டெல், இன்ஃபினியன் முதலிய கம்பெனிகள் அங்கே தொழிற்சாலை நிறுவின. அன்று மங்கு ஏந்திய கைகளின் பேரப்பிள்ளைகள் சிலர் இன்று சிப்புகளைக் கையாளுகின்றனர். ஆனால் அந்தச் சிப்புக்குள் ஓடும் எழுத்தைப் படிக்க வல்லார் நம்மவரில் எத்தனை பேர்? இக்கேள்வியை மனத்திற்கொண்டே ஒரு கணினி விளையாட்டை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். இலக்கியப் பகுதியில் விளையாட்டுக்கு என்ன வேலையென்று சிலர் வினவலாம். ஒருவர் எழுதி நிறுத்தியதை இன்னொருவர் படித்துத் தொடர்வது நூலுக்கும் உண்டு, கணினி நிரலுக்கும் உண்டு. ஆதலின் அது விமரிசனத்துக்கு உரியதேயாம்.

கிறிஸ் சாயர் என்னும் பிரிட்டிஷ்காரர் பெரும்பாலும் தனியொருவராக எழுதிய ‘டிரான்ஸ்போர்ட் டைக்கூன்’ 1994-ல் வெளிவந்தது. அதன் விரிந்த பதிப்பு 1995-ல் வந்தது. நிலக்கரியையும் தபாலையும் பிரயாணிகளையும் ரயிலிலும் பஸ்ஸிலும் கப்பலிலும் ஏற்றிச் சென்று கம்பெனி வளர்ப்பதே ஆட்டம். இன்டெல் தோற்றுவித்த சிப்பு வகைக்குரிய இயந்திரமொழியை ஒட்டிய அசெம்பிளியில் அவர் அதை எழுதினார். விலைக்கு வந்ததோ பூட்டிய பெட்டி. ஆசிரியர் எழுதிய மூலநிரல் வாங்கியவர் கைக்கு வரவில்லை. பின்பு அவர் வேறு ஆட்டங்களை ஆக்கச் சென்றுவிட்டார். கணினிகள் மாறின, பழைய ஆட்டம் மாறவில்லை.

ஜோசப் டிரெக்ஸ்லர் என்பவர் தொடங்கிய ஒட்டுநிரல் ஒன்று அதன்மேல் சில வசதிகளைச் சேர்த்தது. அது பழைய வேட்டியில் ஒட்டுத் துணி வைத்துத் தைப்பது போன்றது. நெய்யும் வகையை அறிந்ததாகாது. 2003-ல் லுட்விக் ஸ்ட்ரிகேயஸ் என்னும் சுவீடன் இளைஞர் வேறு வழி கண்டார். பெட்டிக்குள் கிடந்த இயந்திரக் கட்டளைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, இது என்ன செய்கிறது, எதற்காகச் செய்கிறது என்று ஆராய்ந்து, அதே பொருளை ‘சி’ என்னும் மொழியில் திரும்ப எழுதினார். 2004-ல் ‘ஓப்பன் டி.டி.டி.’ என்ற பெயரில், எவரும் படிக்கவும் திருத்தவும் கூடியதாக, அது வெளிவந்தது.

ஏட்டுச்சுவடி பதிப்பித்தாரின் வேலையோடு இதனை ஒப்பிடலாம். 1894-ல் புறநானூற்றை அச்சிட்ட சாமிநாதையர், கிடைக்காத பாடல்களுக்குப் பதிலாகத் தாம் பாடி இட்டாரில்லை. 267, 268 என்னும் எண்கள் வெறுமையாகவே நின்றன. முதலில் உள்ளதை உள்ளவாறு படிப்பது, பிறகே மற்றது. ஓப்பன் டி.டி.டி. புதியன புகுத்தியதுதான், ஆனால் பழையதை அழித்துப் புகுத்தவில்லை. ரயில் வேகம் பிடிக்கும் முறையில் பழைய முறை, இயற்கையை ஒத்த புதுமுறை என இரண்டையும் வைத்து, ஆடுவோர் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. மூல ஆசிரியருக்கு மரியாதை செய்யும் வகை இதுவென்பது நமது அபிப்பிராயம்.

2010-ல் அதன் 1.0 பதிப்பு வந்தபோது, பலர் கூடிப் படங்களையும் ஒலிகளையும் புதிதாக ஆக்கியிருந்தமையால், பழைய பெட்டியின் துணையின்றியே ஆட்டம் நடந்தது. இன்னொன்று நமக்கு முக்கியம். மூல ஆட்டத்தில் தமிழுக்கு இடமில்லை. திறந்த ஆட்டத்தின் மொழிகளில் தமிழும் ஒன்று. எவருடைய தயவையும் நாடாமல் தமிழ் அங்கே நுழைந்தது, கதவு திறந்திருந்ததால்.

குறையும் கூறவேண்டும். பலர் கைபட்ட வீட்டில் அறைகள் பெருகுவதுபோல, இதில் விருப்பத் தேர்வுகள் பெருகிவிட்டன. புதிதாக வருவோர் திகைப்பர். ஒருவர் உள்ளத்திற் பிறந்த ஆட்டத்திலிருந்த அளவும் அடக்கமும் கூட்டத்தின் ஆக்கத்தில் தளர்ந்ததென்றே கூறுவோம்.

பிரித்துப் படிப்பது எப்பொழுதும் நன்மையே தருமோவெனின், அன்று. 2009-ல் ஸாக் பார்த் ‘இன்ஃபினிமைனர்’ என்னும் சிற்றாட்டத்தை வெளியிட்டார். சிலர் அதை உடனே பிரித்து, ஏமாற்றி ஆடும் பதிப்புகளையும் ஒன்றோடொன்று ஒவ்வாத பதிப்புகளையும் பரப்பினர். ஆடுவோர் சிதறினர், ஆசிரியர் ஒரு மாதத்துக்குள் அதைக் கைவிட்டு, மூலநிரலைப் பொதுவில் வைத்துவிட்டார். கருவி ஒன்றே, ஓரிடத்தில் நின்றுபோனதை நடத்திற்று, மற்றோரிடத்தில் நடந்ததை நிறுத்திற்று. படித்தவன் அறிந்ததைப் பொதுவாக்கிப் பொறுப்பேற்கின்றானா, தன் லாபத்துக்கு ஒளிக்கின்றானா என்பதே வேற்றுமை.

சட்டமும் உண்டு. ஆசிரியர் கைவிட்டாலும் உரிமை தானே அழிவதில்லை. ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ’ ஆட்டங்களை இவ்வாறு திரும்ப எழுதியவர்கள்மீது 2021-ல் உரிமைக் கம்பெனி வழக்குத் தொடுத்தது. ஆதலின் துணிவோடு அறிவும் வேண்டும்.

கூலிம் இளைஞர்க்கு நாம் சொல்வது இதுவே. தொழிற்சாலையில் விதித்த வேலையை விதித்தபடி செய்யுங்கள், அது பிழைப்பு. வீட்டுக்கு வந்தபின், திறந்து கிடக்கும் ஒரு நிரலையேனும் எடுத்து வரிவரியாகப் படியுங்கள்; அது கல்வி. தாத்தாவுக்குப் புத்தகத்தைக் காட்டவில்லை, பேரனுக்குக் காட்டுகிறார்கள். காட்டியபின்னும் படிக்காதிருந்தால் குற்றம் எவருடையது? வாசகர்கள் சிந்திப்பார்களாக.