காதை மூடினால்தான் நன்றாகக் கேட்கிறது!

சொன்னால் நம்பமாட்டீர்கள். இரண்டு காதையும் இறுக மூடிக்கொண்டு நிற்கிறேன். பத்தடி தள்ளி நண்பர் பைக்குள் தோட்டா தேடும் சலசலப்பு கேட்கிறது! டெக்சாஸில் ஸ்கீட், அதாவது பறக்கும் களிமண் தட்டைச் சுடும் ஆட்டத்துக்குப் போகும் எங்கள் கூட்டத்தில் இந்த எலெக்ட்ரானிக் காதுக்கவசத்தைப் பற்றி நான் பேசிப் பேசி எல்லோருக்கும் காது புளித்துவிட்டது.

12 போர் துப்பாக்கி வெடித்தால் 150 டெசிபலைத் தாண்டும். 140-க்கு மேல் போனால் ஒரே வெடிகூடக் காதை நிரந்தரமாகக் கெடுக்கலாம். உட்காதின் மயிர்செல்கள் செத்தால் மறுபடி முளைக்காது. சாதாரணக் கவசம் வெடியோடு பேச்சையும் விழுங்கிவிடும். "என்ன சொன்னீங்க?" என்று ஒரு பக்கத்தைத் தூக்கும்போது பார்த்து யாராவது சுடுவார்கள்.

என்னுடையது ஹோவர்ட் லைட் இம்பாக்ட் ஸ்போர்ட். பக்கத்துக்கு ஒரு மைக். மெல்லிய சத்தத்தைப் பெருக்கித் தரும்; 82 டெசிபலைத் தொட்டதும் பெருக்குவதை நிறுத்திக்கொள்ளும். வெடி, பக்கத்து வீட்டில் கதவு சாத்தியது போல அமுங்கிக் கேட்கிறது. ஆனால் வீசச் சொல்லி "புல்!" என்று கத்தியதும் கூண்டிலுள்ள எந்திரம் களிமண் தட்டை வீசும் 'டக்' இருக்கிறதே, ஆகா! இடப்பக்க உயரக் கூண்டா, வலப்பக்கத் தாழ்ந்த கூண்டா என்று காதே சொல்லிவிடுகிறது. அதனால்தான் இரண்டு மைக் இல்லாததை வாங்காதீர்கள் என்கிறேன்.

இன்னொன்று: வெடியைத் தடுப்பது மின்னணு அல்ல, கிண்ணமும் மெத்தையும்தான். பேட்டரி தீர்ந்தாலும் பாதுகாப்பு அப்படியே இருக்கும். ஆகவே பெட்டியில் முதலில் பார்க்க வேண்டியது ஒலியை எவ்வளவு குறைக்கும் என்று காட்டும் என்.ஆர்.ஆர். எண், இதற்கு 22. அதிக எண் உள்ளவை பெரும்பாலும் தடிமனாக இருக்கும்; கன்னத்தைச் சாய்த்தால் துப்பாக்கிக் கட்டை இடிக்கும். எனக்கு மெல்லிய கிண்ணம்தான் சரி. நான்கு சுவருக்குள் சுடும் இடமென்றால் அடியில் ஸ்பாஞ்ச் காதடைப்பானும் வைத்துக்கொள்கிறேன். கூடுதலாகக் கிடைப்பது ஏறக்குறைய 5 டெசிபல்தான், இருந்தாலும் அங்கே அது வேண்டும். ஒலியைக் கூட்டி வைத்தால் பேச்சு அப்போதும் காதில் விழுகிறது!

குறையே இல்லையா? காற்றடித்தால் மைக் இரையும். கண்ணாடியின் காம்பு மெத்தையைத் தூக்கி இடைவெளி விடும். ஜெல் மெத்தைக்கு மாற்றினால் அந்த இடைவெளி சரியாகிறது. அணைக்க மறந்தால் நான்கு மணி நேரத்தில் தானே அணைந்துகொள்கிறது, செல்லம்!