நுரைக்குள் ஒரு ரிசீவர்

மாதிரி விமானத்தின் மூக்கில் இருக்கும் ஒற்றை சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் நிமிடத்துக்கு 10,000 சுற்று ஓடினால், நொடிக்கு 160 தடவைக்கு மேல் உள்ளே வெடிக்கிறது. அந்த அதிர்வு பால்சா மரச்சட்டத்தின் வழியே வால்வரை போகும். அதற்கு நடுவே, உள்ளங்கையில் அடங்கும் ரிசீவர் தரையிலிருந்து வரும் ஒவ்வொரு கட்டளையையும் தவறாமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

அதைக் காப்பது ஒரு துண்டு நுரை ரப்பர். பச்சைக் குழந்தையைத் துணியில் சுற்றுகிற பக்குவம் இதற்கு வேண்டும். இறுக்கினால் நுரை நசுங்கி, அதிர்வை அப்படியே உள்ளே கடத்திவிடும். பழைய ரிசீவர்களில் குவார்ட்ஸ் படிகம் வேறு இருந்தது; அதிர்வுக்கு எளிதில் உடையக்கூடியது அது.

எனக்கு மிகவும் பிடித்தது, சர்வோவின் (இறக்கை, வால் மடிப்புகளை அசைக்கும் சிறு மோட்டார் பெட்டி) திருகு பூட்டும் காதுகளில் செருகும் ரப்பர் வளையமான குரோமெட். அதன் துளைக்குள் ஒரு சின்னப் பித்தளைக் குழல், விரிந்த விளிம்பு மரத்தில் உட்காரும்படி. திருகை முடுக்கினால் அழுத்தத்தைப் பித்தளை வாங்கிக்கொள்ளும். ரப்பர் நசுங்காமல் மிதக்கும். கடுகளவு பொருளில் எவ்வளவு யோசனை!

அதிர்வுக்கு நுரையும் ரப்பரும் என்றால், எஞ்சினின் வெப்பத்துக்கு வழி, விலகி இருப்பதும் காற்றும்தான். பெட்ரோல் எஞ்சினின் இக்னிஷன் பெட்டியை சைலன்சருக்கு எட்டாமல், காற்று படும் இடத்தில் வைப்பார்கள். ரிசீவரிடமிருந்தும் தள்ளியே வைப்பார்கள், தீப்பொறியின் மின் இரைச்சல் சிக்னலைக் குலைக்காமலிருக்க. எஞ்சின் மூடியில் காற்று நுழையும் வாயைவிட வெளியேறும் வாய் பெரிதாக இருக்கும். சூடான காற்று விரியுமல்லவா? மறுபடி அதிர்வுக்கு வந்தால், வயர்களைக்கூட விறைப்பாக இழுத்துக் கட்டுவதில்லை. சற்றுத் தொய்வு விட்டால்தான் சாலிடர் வைத்த இடம் ஆடி ஆடி அறுந்துபோகாது.