போதைப் பித்தனும் நம் படக்கலையும்

குடிகாரனை மேடையேற்றி முதலில் நகைப்பதும், பின்னர் அவன் மனைவிக்காகக் கண்ணீர் உகுப்பதும் நம்மவர்க்கு நெடுநாட் பழக்கம். தோட்டத்துக் கோயில் திடலில் கொட்டகை கட்டி ஆடப்பெற்ற சீர்திருத்த நாடகங்களைக் கண்ட பெரியவர்கள் இன்றும் நம்மிடை உளர். அவர்கள் சொல்லக் கேட்டால் கதை ஒன்றே. முதற் காட்சியில் கூலிப்பணம் கள்ளுக்கடைக்குப் போகும். இடைக்காட்சியில் தாலி அடகுக்குப் போகும். கடைசிக் காட்சியில் குழந்தை நோயுற்றுக் கிடக்க, தகப்பன் கலயத்தை உடைத்துவிட்டுத் திருந்திவிடுவான். திரை விழும். பார்த்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு லயத்துக்குத் திரும்புவார்கள். வேறு சிலர் எங்கே திரும்பினார்கள் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

இந்நாடகங்களின் நோக்கம் நல்லதே. ஆயினும் அந்தக் குடிகாரன் ஒரு மனிதனல்லன். வேட்டி கட்டிய பாடம். அவன் ஏன் குடித்தான், மறுநாட் காலை ஐந்தரை மணிப் பெரட்டுக்கு எவ்வாறு எழுந்து போனான், திருந்திய பிறகு அண்டை வீட்டார் அவனைத் தம் வீட்டுத் திண்ணையில் உட்கார விட்டார்களா என்பவை பற்றி நாடகாசிரியர்க்குக் கவலை இருந்ததில்லை. கள் போய்ச் சம்சு வந்து, சம்சுவுக்குப் பின் அபினிச் சத்தும் ஷாபுவும் வந்துவிட்ட இந்நாளிலும் நம் கலை அந்தப் பழைய கொட்டகையிலிருந்து எவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறது என்பதே இங்கு நாம் ஆராய விரும்புவது. அதற்கு இரண்டு படங்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று 2016-ஆம் ஆண்டு ஜூலையில் வெளிவந்த 'கபாலி'. மற்றொன்று அதற்கு ஏழு மாதம் முன்னதாக, 2015 டிசம்பரில், நம் நாட்டவராகிய சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி வெளியிட்ட 'ஜகாட்'.

'கபாலி' வந்த வாரம் சுங்கைப் பட்டாணியில் டிக்கெட்டு கிடைப்பது அரிதாயிருந்தது. பாடாங் செராயிலிருந்து ஐந்து பேர் ஒரே காரில் நெருங்கிக்கொண்டு போய் வந்தோம். இயக்குநர் பா. ரஞ்சித் செய்த நன்மையை முதலிற் சொல்லிவிட வேண்டும். தோட்டத் தொழிலாளி சம கூலி கேட்டுத் தெருவில் நின்றான் என்பதைச் சென்னைப் பட முதலாளிகளின் பணத்தைக் கொண்டே உலகத்துக்குக் காட்டியவர் அவர். தமிழன் கோட்டு அணிவதில் ஒரு நியாயம் உண்டு என்பதையும் காட்டினார். இருபத்தைந்து ஆண்டுச் சிறைவாசத்திற்குப் பின் வெளிவரும் கதாநாயகன், கூட்டத்திலும் போதையிலும் சிக்கிச் சீரழிந்த இளைஞர்க்கென நடைபெறும் பள்ளிக்கூடத்திற்குச் செல்கிறான். எதிரியோ போதைப்பொருள் வாணிகத்தில் கொழுத்தவன். ஆகவே இப்படம் நம் பொருளைத் தொடாமல் செல்லவில்லை.

தொட்டது மெய். ஆனால் எப்படித் தொட்டது? அப்பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கதாநாயகனைச் சூழ்ந்து உட்கார்ந்து கேள்வி கேட்கிறார்கள். அவன் விடை கூறுகிறான். பிள்ளைகளின் கதை அவன் கதைக்கு முன்னுரையாக முடிந்துவிடுகிறது. போதைக்கு ஆட்பட்டவன் இங்கு மீட்கப்படவேண்டிய பொருள், மீட்பவனே ஆள். எதிரியும் வெளியிலிருந்து வந்தவன், வேற்றினத்தான், நல்ல தையலில் உடுத்தவன். அவனைச் சுட்டு வீழ்த்தினால் தீமை வீழ்ந்தது. பாடாங் செராயில் ஷாபு விற்பவன் வேற்றினத்தானாகவே இருந்திருப்பின் நம் வேலை எவ்வளவு எளிதாயிருக்கும்! அவன் நம் பையனுக்கு ஒருசாலை மாணாக்கன். அவன் தாயார் நம் தாயாரோடு தைப்பூசத்தில் பாற்குடம் எடுப்பவள்.

படத்தின் முடிவைப் பற்றி ஒரு செய்தி. பிற நாடுகளில் ஓடிய பிரதியில் இளைஞன் ஒருவன் துப்பாக்கியுடன் கபாலியை நெருங்குகிறான், வெடியோசை கேட்கிறது, என்ன ஆயிற்றென்று சொல்லாமலே படம் முடிகிறது. மலேசியாவில் ஓடிய பிரதியிலோ, கபாலி போலீசாரிடம் சரணடைந்தான் என்னும் அறிவிப்பு ஈற்றில் சேர்க்கப்பட்டிருந்தது. தியேட்டரில் அதைப் படித்துச் சிலர் சிரித்தனர். நானும் சிரித்தேன். பின்னர் எண்ணிப் பார்த்தபோது, அந்த இரண்டு வரி அறிவிப்பே படம் முழுமையினும் நம் நாட்டு நடப்புக்கு நெருங்கியதாக எனக்குத் தோன்றிற்று. இங்கே எந்தத் துன்பக் கதையின் முடிவும் போலீஸ் நிலையத்திலேதான் எழுதப்படுகிறது.

இது நையாண்டியன்று. 1983-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-இல் போதைப்பொருளை நாட்டின் முதல் எதிரி என்று அரசு பிரகடனம் செய்தது. அவ்வாண்டே இயற்றப்பட்ட சட்டப்படி, போதைக்கு அடிமையானவன் என்று காணப்பட்டவனை இரண்டாண்டு மறுவாழ்வு நிலையத்தில் அடைத்து, மேலும் இரண்டாண்டு கண்காணிப்பில் வைக்கலாம் என்றாயிற்று. 1952-ஆம் ஆண்டுச் சட்டமோ உட்கொண்ட குற்றத்துக்கே ஐயாயிரம் வெள்ளி வரை அபராதமோ இரண்டாண்டு வரை சிறையோ விதிக்க இடமளிக்கிறது. எதிரி என்ற சொல் சட்டப் புத்தகத்தோடு நிற்கவில்லை, கலைக்குள்ளும் புகுந்துகொண்டது. பள்ளிக்கூடங்களில் சித்திரப் போட்டி நடக்கும். எல்லாப் பிள்ளைகளும் மண்டையோடு, ஊசி, தூக்குக் கயிறு மூன்றையும் வரைவார்கள். நானும் வரைந்து ஒரு பென்சிற் பெட்டி பரிசு பெற்றவன். அக்காலத்தில் எங்கள் வரிசையிலேயே ஊசி போடும் ஒருவர் இருந்தார். மாலையில் எங்களுக்குப் பட்டம் ஒட்டித் தருவார். அவரை வரையவேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

'ஜகாட்' படத்தைப் பற்றி நான் இவ்வளவு பேச விரும்புவதற்கு அதுவே காரணம். அந்தப் பட்டம் ஒட்டியவரைப் போன்ற ஒருவரை நான் முதன்முதல் திரையில் கண்டது அதில்தான்.

பெயரிலேயே படத்தின் மனம் தெரிகிறது. மலாய் மொழியில் 'ஜஹாட்' என்றால் தீயது. தோட்டத்துத் தமிழ் நாக்கு அதை 'ஜகாட்' ஆக்கித் துடுக்குப் பிள்ளைக்குப் பெயராகச் சூட்டிற்று. திட்டும் அதிலுண்டு, செல்லமும் அதிலுண்டு. கதை 1990-களின் தொடக்கத்தில் நடப்பது. தோட்டத்தை விட்டுப் பெயர்ந்து புறம்போக்குக் குடிசைப் பகுதியில் ஒதுங்கிய குடும்பம். அப்போய் என்னும் சிறுவன், அவனைப் படிக்கவைத்தே தீருவேன் என்று கண்டிக்கும் தகப்பன் மணியம், மெக்சிகோ என்று பட்டப்பெயர் பெற்று அடிதடிக் கூட்டத்தில் வாழும் ஒரு சகோதரன், போதைப் பழக்கத்தில் விழுந்து எழுந்த பாலா என்னும் இன்னொரு சகோதரன் ஆகியோரே கதைமாந்தர். 2016-இல் மலேசியத் திரைப்பட விழாவில் இதற்குச் சிறந்த மலேசியப் படம் என்னும் பரிசு கிடைத்தது. தேசிய மொழியில் அமையாத படங்களைத் தனி வகுப்பில் ஒதுக்கியதைக் கலைஞர் பலர் கண்டித்துக் குரலெழுப்பிய விழா அது. பரிசு வந்த பிறகே பலர் இப்படத்தின் பெயரைக் கேள்வியுற்றனர். நம் சொந்தப் படத்தைத் தமிழ்நாட்டுப் படத்துக்கு அஞ்சி ஓரிரு காட்சிகளோடு தூக்கிவிடும் பழக்கம் வேறு இருக்கிறதே!

பாலாவைப் பாருங்கள். அவன் மேடையில் தள்ளாடுபவனல்லன். கலயத்தை உடைத்துச் சபதம் கூறுபவனுமல்லன். விழுந்தவன், மீண்டவன், எனினும் மீண்ட இடம் எது என்று அவனுக்கே தெரியவில்லை. சிறுவனுக்கு அவன் தகப்பனோடு பிறந்தவன், அவ்வளவே. போதை ஒருவனது முழுப் பெயரும் ஆகிவிடுவதில்லை என்பதைப் பிரசங்கமின்றி உணர்த்துகிறது இப்பாத்திரம். நம் செய்தித்தாள்களோ அத்தகையவனைப் போதைப் பித்தன் என்று எழுதும். அவன் வீட்டார்க்கு வேறு ஒரு பெயர் இருப்பதை எந்த நிருபரும் கேட்டு எழுதியதாக நான் படித்ததில்லை. இக்கட்டுரைக்குத் தலைப்பிட்டபோது என் கையும் அச்சொல்லையே எழுதிற்று. அடிக்க மனம் வராமல் விட்டுவைத்தேன். நம் வழக்கு இன்னும் அதுதானே.

குறைகளையும் கூற வேண்டும். மூன்று சகோதரர்க்கு மூன்று வழி என்று வகுத்தது எனக்கு உவப்பாயில்லை. செக்ரோல் எழுதும் கணக்கன் பத்தி பிரிப்பது போல் ஒருவனுக்கு உழைப்பு, ஒருவனுக்கு அடிதடி, ஒருவனுக்குப் போதை என்று கோடு கிழிக்கப்பட்டிருக்கிறது. மெய்வாழ்வில் மூன்றும் ஒரே ஆளிடம் ஒரே வாரத்தில் நடக்கும். பகலெல்லாம் குலைவெட்டி, இரவில் கூட்டாளியோடு ஷாபு இழுத்து, ஞாயிற்றுக்கிழமை யாரையோ அடித்துவிட்டுத் திங்கள் காலை பெரட்டுக்கு வந்து நிற்பவனை நான் கண்டிருக்கிறேன். களைப்புத் தீர ஷாபு, களை பிடுங்கும் வெயிலைத் தாங்கக் கேத்தும் தண்ணீர் என்று உழைப்பே போதையை அழைப்பதும் உண்டு. கெடாவில் கேத்தும் மரம் வீட்டுப் பின்புறத்திலேயே நிற்கும். அதன் இலைச்சாற்றை விற்பது விஷப்பொருட் சட்டப்படி குற்றம். எல்லைக்கு அப்பால் தாய்லாந்தில் 2021-இல் அதைக் குற்றப் பட்டியலிலிருந்தே நீக்கிவிட்டார்கள். இந்த நுட்பங்களுக்குப் படத்தில் இடமில்லை. மேலும், பெண்கள் ஓரத்தில் நிற்கிறார்கள். இவ்வகைத் துயரத்தின் முழுப் பாரமும் யார் தோளில் இறங்குகிறது என்பதை அறிந்த ஊர்க்காரனுக்கு இது சிறு குறையன்று.

இரண்டு படங்களுக்கும் பொதுவான மறதி ஒன்று உண்டு. நம் சமூகம் போதையைக் கண்டு கைகட்டி நின்ற சமூகமன்று. 1941-இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு சேர்த்துக் கள்ளுக்கடைகளை மூடவேண்டுமென்றும் கேட்டார்கள். யுத்தம் முடிந்த பின் நம் கெடாவிலேயே, பீடோங்கை அடுத்த ஹார்வர்டு தோட்டத்தில் ஏ. எம். சாமி என்பார் தலைமையில் தொண்டர் படை எழுந்தது. சாதாரணத் தொழிலாளர்கள் அணிவகுத்துக் கள்ளுக்கடை மறியல் செய்தனர். 1947-இன் முற்பகுதியில் பீடோங்கில் போலீசாரோடு மோதல் மூண்டு உயிர்ச்சேதமும் நேர்ந்தது. துரைமார்க்கு அஞ்சியவன் கூலிக்காரன் என்று எழுதிவைத்தவர்கள் இப்பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பதில்லை. பாடாங் செராயிலிருந்து பீடோங் அதிகத் தொலைவன்று. எனினும் எங்கள் ஊர் இளைஞர் பத்துப் பேரைக் கேட்டால் ஒருவர்க்கும் இது தெரியாது. 'கபாலி'க்கு இவ்வளவு பணமும் பாட்டும் இருந்தும் ஒரு தனி வீரன் வேண்டியிருந்தது. மெய்யான வரலாற்றில் வீரன் ஒரு கூட்டம்.

ஆயினும் அந்தக் கூட்டத்தைப் போற்றிவிட்டு மட்டும் நான் நகர்ந்துவிட முடியாது. தொண்டர் படையினர் குடித்தவரைப் பிடித்துத் தாமே தண்டித்ததும் உண்டு. கள்ளுக்கடைக்காரனிடமும் அவனுக்கு உரிமம் கொடுத்தவனிடமும் காட்டவேண்டிய சினம், தள்ளாடி வந்தவன் முதுகில் இறங்கிய வேளைகள் அவை. அக்குணம் இன்னும் நம்மிடம் இருக்கிறது. எதிர்த்து நின்ற துணிவுதான் குறைந்துவிட்டது. ஹென்ரியட்டாவிலும் விக்டோரியாவிலும் லயத்தில் வாழ்ந்த குடும்பங்கள் பல இன்று பட்டணத்துத் தாமான்களிலும் மலிவு வீடுகளிலும் சிதறிக் கிடக்கின்றன. லயத்தில் ஒருவன் கெட்டால் வரிசையே கூடி வையும். அடுக்குவீட்டில் கதவு சாத்திக்கொள்ளும்.

சாத்தியவர்களில் நானும் ஒருவன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய், முன்பு எங்கள் தோட்டத்தில் பால்வெட்டியவர், என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "தம்பி, நீங்க நாலு எழுத்துத் தெரிஞ்சவங்க. பையனை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கணும், சொல்லுங்க" என்றார். கதவின் இரும்புக் கம்பியைத் திறக்காமலே, "போலீசுக்குச் சொல்லிப் பிடிச்சுக் குடுத்திடுங்க அக்கா, அவங்களே பார்த்துக்குவாங்க" என்றேன். 2005 முதல் அரசு மருத்துவ வழியில் மெத்தடோன் கொடுக்கும் திட்டம் நடப்பதும், 2010-க்குப் பிறகு தாமே முன்வந்து சேரக்கூடிய நிலையங்கள் திறக்கப்பட்டிருப்பதும் அன்று எனக்குத் தெரியாது. ஆங்கிலம் படித்தவன், நாள்தோறும் பத்திரிகை புரட்டுபவன். பத்து நிமிடம் செலவிட்டால் தெரிந்துகொண்டிருக்கலாம். பையன் பிடிபட்டுச் சிறைக்குப் போய்த் திரும்பினான். திரும்பியவனுக்கு எங்கள் ஊரில் ஒருவரும் வேலை கொடுக்கவில்லை. எங்கள் தோட்டத்திலும் ஆள் தேவைதான். பெயர்ப் பட்டியலை எழுதுவது நான்.

இதன் பிறகு சில நண்பர்கள் சேர்ந்து 'ஜகாட்'டை எங்கள் தாமான் மண்டபத்தில் ஒரு சனிக்கிழமை இரவு திரையிட்டோம். நாற்காலி அறுபது போட்டோம். இருபத்தெட்டுப் பேர் வந்தார்கள். இளைஞர்கள் மெக்சிகோ வரும் இடங்களில் சீட்டியடித்தார்கள். பாலா வரும் இடங்களில் கைப்பேசியைப் பார்த்தார்கள். இயக்குநர் இதை அறிந்தால் வருந்துவார். அடிதடிக்காரனை அத்துணை அழகாய் வார்த்துவிட்டால் அவையோர் கண் அங்கே செல்வதைத் தடுப்பது எங்ஙனம் என்னும் கேள்விக்கு இப்படமும் விடை காணவில்லை.

அந்த அக்காளும் வந்திருந்தார். பின் வரிசையில் ஓரமாய் உட்கார்ந்தவர், பாலா வந்த போதெல்லாம் முன்னுக்குச் சாய்ந்து பார்த்தார். படம் முடியுமுன் எழுந்துவிட்டார். வாசலில் நான் காரணம் கேட்டேன். "அவன் வர்ற நேரம் தம்பி. சோறு ஆறிடும்" என்று சொல்லிச் செருப்பைத் தேடினார்.